சாமவை: கணவனின் பெயரைக் காத்த காடவன் பெருந்தேவி

கி.பி. 193இல் உரோமை 66 நாள் ஆண்டு கொலையுண்ட திதியுஸ் யூலியானுசின் மனைவி மன்லியா ஸ்கந்தில்லாவை நாம் அறிவது பெரும்பாலும் கணவன் காலத்து நாணயங்களால்தான். திருமலையில் நடந்தது இதற்கு நேர்மாறு. பல்லவ மரபில் வந்த சிற்றரசன் சத்திவிடங்கன் என்ற ஸ்ரீகாடபட்டிகளின் பெயர் பிழைத்திருப்பது அவன் தேவி சாமவை, அதாவது காடவன் பெருந்தேவி, வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டுகளால். ஆகவே அவரைச் 'சிற்றரசன் மனைவி' என்று அடிக்குறிப்பில் ஒதுக்குவது சான்றுக்கு முரணானது என்பேன். 2022 முதல் நம் சூளூர்பேட்டையும் திருமலை அமைந்த திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. இந்தத் தொண்டை மண்டல அரசியின் கதை நம் ஊருக்கும் உரியது.

கல்வெட்டில் தந்தை பல்லவப் பேர்கடையார் பெயரும் கணவன் பெயரும் வருவதால் திருமலைக் கோயிலுக்கான கொடை அவர்களுடையதே என்று வாதிடலாம். ஆனால் அப்பெயர்கள் கொடையாளர் இன்னாரென்று அடையாளம் காட்டவே வருகின்றன. கொடுத்தவராகக் கல்வெட்டு சொல்வது சாமவையைத்தான். வெள்ளியில் மணவாளப் பெருமாளை எழுந்தருளுவித்தார், அணிகள் பூட்டினார், அமுதுக்கும் நந்தா விளக்குக்கும் நிலம் விலைக்கு வாங்கி வைத்தார். அயன, விஷு சங்கராந்திகளில் திருமஞ்சனத்துக்கும், புரட்டாசியில் 9 நாள் விழாவுக்கும், பின்னொரு கொடையால் மார்கழித் துவாதசி விழாவுக்கும் வழி செய்தார். இதை வெறும் பக்தி என்று சொல்லிவிட முடியுமா? பக்தி மட்டும் என்றால் ஒரு விளக்கோடு நின்றிருக்கும். ஓராண்டு முழுவதற்கும் நாள் குறித்து, ஒவ்வொன்றுக்கும் முதல் ஒதுக்கிய இந்த ஏற்பாட்டில் தேர்ந்த நிர்வாக அறிவு தெரிகிறது. நிலைபெற்ற மூலவருக்குத் துணையாக, எடுத்து நீராட்டவும் அலங்கரிக்கவும் தக்க சிறு திருமேனி ஒன்றைத் தந்ததே அதன் நுட்பம்.

காலத்தைப் பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. சிலர் கொடையை 614 என்று, முதலாம் மகேந்திரவர்மன் ஆட்சிக்குள் கொண்டுபோவர். கல்வெட்டு குறிக்கும் 14ஆம் ஆட்சியாண்டைப் பார்த்திவேந்திரவர்மனுடையதாகக் கொண்டு 966 என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அவன் பெயர் தாங்கிய கல்வெட்டுகள் 10ஆம் நூற்றாண்டில் தொண்டை மண்டலத்தில் பரவிக் கிடக்கின்றன. பல்லவப் பேரரசு மறைந்தபின் அம்மரபினர் சிற்றரசர்களாகக் காடவர் பெயர் தாங்கிய காலமும் அதுவே. தொன்மை 350 ஆண்டு குறைவதால் சாமவையின் பெருமை குறையாது. அவர் தந்த வெள்ளித் திருமேனி இன்று போக சீனிவாசர். மார்கழி நீங்கலாக இரவுதோறும் ஏகாந்த சேவையில் தொட்டிலில் துயில்கொள்பவர் அவரே.