மன்னன் போனபின் எழுந்த மக்கள்: 1815–1818 கண்டி நிகழ்வுகள் கீழைக்கரையிலிருந்து ஒரு நோக்கு

காரைதீவுக்கு வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், மேற்கே வயல்வெளிக்கு அப்பால் சம்மாந்துறை. அதையும் தாண்டி மேற்கே சென்றால் ஊவாவைச் சேர்ந்த வெல்லஸ்ஸ நாடு. பிரித்தானிய முடியின் ஆட்சிக்கு எதிராக 1817இல் மக்கள் திரண்டெழுந்தது அங்கேதான். அந்தக் கிளர்ச்சியின் வேர்களைத் தேடுவோர் கண்டி அரண்மனையோடு நின்றுவிடக் கூடாது. இந்தக் கடற்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்புக் கரை கண்டி அரசின் கடல்வாசலாக இருந்தது. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டி மன்னனைக் காண 1602இல் வந்திறங்கியது இங்கேதான். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களைச் செனரத் மன்னன் இக்கரையில் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1766இல் ஒல்லாந்தரோடு செய்ய நேர்ந்த உடன்படிக்கை இந்த உறவை அறுத்தது. உப்பெடுக்கும் சலுகை கண்டியருக்குக் கிடைத்தது. ஆனால் தீவின் கரை முழுவதும் கைவிட்டுப் போயிற்று. அன்றுமுதல் கண்டி, கடலில்லாத நாடு. வெளியுதவி பெறவும் வணிகம் செய்யவும் பிறர் தயவை நாடவேண்டிய அரசாக அது சுருங்கியது. 1804இல் ஆங்கிலேயக் கப்டன் ஜோன்ஸ்டன் தன் படையோடு கண்டிமீது புறப்பட்டது மட்டக்களப்பிலிருந்துதான் என்பதை நினைத்தால் அந்த இழப்பின் கனம் விளங்கும். மன்னனின் வாசல் பகைவனின் வாசலாகிவிட்டது.

1815இல் நடந்ததை மக்கள் புரட்சி என்று சொல்ல முடியாது. 1798இல் கண்ணுசாமி என்ற இளைஞனை ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனாக அரியணையில் ஏற்றியவன் முதலாம் அதிகார் என்ற தலைமை அமைச்சனாகிய பிலிமத்தலாவை. பின்னர் அவனே அரசனுக்கு எதிராகச் சதிசெய்து கொல்லப்பட்டான். அடுத்து வந்த எஹெலபொல 1814இல் கிளர்ந்து ஆங்கிலேயரிடம் ஓட, அவனுடைய மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் கொல்லப்பட்டனர். அந்தக் கொடுமையும், கண்டி வாவி முதலிய கட்டுமானங்களுக்காகக் குடிகளிடம் வாங்கிய கட்டாய ஊழியமும் மன்னனைத் தனிமைப்படுத்தின. 1789இல் பிரான்சில் வரிச்சுமையும் உணவுப் பஞ்சமும் மக்களைத் தெருவுக்கு இழுத்தன. கண்டியில் மக்கள் தெருவுக்கு வரவில்லை. மன்னனைக் காக்கவும் வரவில்லை. பெப்ரவரி 18ஆம் நாள் அவன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் பிரபுக்கள் கண்டி ஒப்பந்தத்துக்கு இசைந்தார்கள். ஆளுநர் பிரவுன்றிக்குக்கும் இடைத்தரகராக இயங்கிய ஆங்கில அதிகாரி டொய்லிக்கும் பெரிய சண்டை ஏதுமின்றி ஒரு நாடு கிடைத்தது. மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

மக்கள் எழுந்தது இதற்குப் பிறகு. புதிய அரசன் இலண்டனில் இருந்தான்; அவனை யாரும் நேரில் கண்டு முறையிட முடியாது. பிரபுக்களின் மதிப்புக் குறைந்தது, பிக்குகளின் மனம் புண்பட்டது. பழைய அரசன் கொடியவனாக இருந்திருக்கலாம். ஆனால் நிலம், ஊழியம், நீதி, சமயச் சடங்கு எல்லாம் அவன் இருக்கையைச் சுற்றியே கட்டப்பட்டிருந்தன. ஆளை அகற்றத் துணைநின்றவர்கள், அந்த இருக்கையே காலியானபோது திகைத்தார்கள்.

கிளர்ச்சியின் உடனடிக் காரணம் நம் பகுதிக்கு மிக நெருக்கமானது. கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் துணியையும் பொதிமாட்டுத் தவளங்களில் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுசென்று, பாக்கு முதலியவற்றோடு திரும்பியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். இந்தப் போக்குவரத்துக்கு மடிகே என்ற தனித் திணைக்களம் கண்டி ஆட்சியில் இருந்தது. வெல்லஸ்ஸ முஸ்லிம்கள்மீது ஹாஜி மரிக்காரை முகாந்திரம் என்ற தலைவராக ஆங்கிலேயர் நியமித்தபோது, அவர்கள் சிங்களப் பிரபுக்களின் அதிகாரத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். பிரபுக்கள் இழந்தது வருமானத்தையும் ஆட்பலத்தையும் பதவிப் பெருமையையும். இதை முஸ்லிம்கள்மீது சிங்களவருக்கு இருந்த பகையாகச் சுருக்குவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆட்சியாளர் ஒரு பதவியைப் பிடுங்கி இன்னொருவரிடம் கொடுத்து, இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். அதற்கு விலை கொடுத்தவர் ஹாஜி மரிக்கார். கிளர்ச்சியாளரிடம் அகப்பட்டு உயிரிழந்தார். 1817 ஒக்டோபரில் பதுளையிலிருந்து விசாரிக்கச் சென்ற அதிகாரி வில்சனும் அம்புபட்டு மாண்டார்.

கிளர்ச்சியாளர் யாரை மன்னனாக ஏற்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வில்பாவே என்ற முன்னாள் பிக்கு, தன்னைத் துரைசாமி என்றும் பழைய மன்னனின் நாயக்க குலத்தவன் என்றும் சொல்லிக்கொண்டு தோன்றினான். பதவியிழந்த மன்னனின் உறவினர் என்று சொல்வோரையே பகைவராக அறிவித்து, அக்குலத்து ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வந்தால் இராணுவச் சட்டப்படி தண்டனை என்று விதித்தது 1815 ஒப்பந்தம். இரண்டே ஆண்டுகளில் மக்கள் திரண்டது அந்தக் குலத்தின் பெயரால்! நாயக்கர் அந்நியர் என்பதற்காகவே மக்கள் அவர்களை வெறுத்தார்கள் என்ற வாதம் இங்கே நிற்பதில்லை. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கண்டிப் பிரபு கெப்பிட்டிபொலவும் கிளர்ச்சியோடு சேர்ந்துகொண்டான். புத்தரின் புனித தந்தமும் கிளர்ச்சியாளர் பக்கம் போனது. தந்தம் யாரிடமோ அவரே நாட்டுக்கு உரியவர் என்பது கண்டியரின் நம்பிக்கை.

அடக்குமுறை கொடூரமாக இருந்தது. இராணுவச் சட்டம் வந்தது, இந்தியாவிலிருந்து மேலதிகப் படை வந்தது. வீடுகள் எரிந்தன, நெல் அழிக்கப்பட்டது, பழமரங்கள் வெட்டப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூல், போராலும் பசியாலும் நோயாலும் மாண்ட நாட்டு மக்கள் ஏறத்தாழ 10,000 பேர் என மதிப்பிடுகிறது. வில்பாவேயின் பொய்யுரிமை வெளிப்பட்டதும் தலைவர்களிடையே பிளவு வந்தது. தந்தமும் ஆங்கிலேயர் கைக்கு மீண்டது. 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பிட்டிபொல தலை வெட்டப்பட்டு இறந்தான்.

விளைவுகளில் மிக நீண்டது நவம்பர் 21ஆம் நாள் பிரகடனம். பிரபுக்களின் அதிகாரம் ஆங்கில முகவர்களிடம் சென்றது. நெல்லில் பத்தில் ஒரு பங்கு வரியானது. விசுவாசமாக இருந்த பகுதிகளுக்கு வீதம் குறைவு. விசுவாசத்துக்குச் சலுகை, எதிர்ப்புக்குத் தண்டனை என ஊர்களைப் பிரித்தாளும் முறை இப்படி எழுத்திலேயே வந்துவிட்டது. வெல்லஸ்ஸவின் வயல்களும் குளங்களும் பாழடைந்தன. மக்கள் அழிந்த நாட்டில் அவற்றைத் திருத்த ஆளில்லை. கரையிலிருந்து சென்ற தவளங்களுக்கு விற்கவும் வாங்கவும் அங்கே என்ன மிஞ்சியிருக்கும்?

இந்தப் பக்கம் இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது. சம்மாந்துறையிலும் கல்முனையிலும் பழைய வணிகக் குடும்பங்களில் உறுதிகளோ கணக்கேடுகளோ வாய்மொழிச் செய்திகளோ எஞ்சியிருந்தால், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் அவற்றைத் தேடிப் பதிவுசெய்ய வேண்டும். ஹாஜி மரிக்காரின் கொலையை இனப்பகையின் முதல் அத்தியாயமாக யாரும் எழுதிவிடுவதற்கு முன் அந்த வேலை நடக்கட்டும்.