குருதி: கூறுகளும் பணிகளும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி ஓடுகிறது. சோதனைக் குழாயிலிட்டு வேகமாகச் சுழற்றினால் அது அடுக்குகளாகப் பிரியும். மேலே வைக்கோல் நிறத்தில் நிற்பது பிளாஸ்மா, சுமார் 55 வீதம். நீரோடு புரதங்கள், உப்புகள், குளுக்கோசு, ஓமோன்கள் கலந்தது. அடியில் செங்குழியங்கள் படியும். நடுவிலுள்ள மெல்லிய வெண்படலத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களும், காயத்தின் வாயை அடைக்கும் சிறுதட்டுகளும் இருக்கும்.

செங்குழியம் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து, ஈமோகுளோபினால் ஒட்சிசனைச் சுமக்கிறது.

இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் குழியம் பேசப்படுவது குருதிச்சோகையால். கர்ப்பிணியின் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை. இரும்புச்சத்துக் குறைவும் கொக்கிப்புழுவும் முக்கிய காரணங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணியும் உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

பரம்பரையாக வரும் தலசீமியா வேறு வகைக் குருதிச்சோகை. பதுளை போதனா வைத்தியசாலை, இலங்கையில் இந்நோய்க்குச் சிகிச்சை தரும் முக்கிய நிலையங்களில் ஒன்று. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை செங்குழியம் ஏற்றுவார்கள். ஒவ்வொரு பையிலும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு சேர்வதால், இதயத்தையும் ஈரலையும் காக்க அதை வெளியேற்றும் மருந்தும் கொடுப்பார்கள்.