வலியா, கடுப்பா? பெயிண்டலின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒரு மறுவாசிப்பு

உழைக்கும் தசையிலிருந்து எழும் அனிச்சை இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பது இன்று பாடநூல் செய்தி. அதற்கான செய்தியை ஏந்திவரும் மெல்லிய மூன்றாம் வகை நரம்பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பதிவுசெய்த முன்னோடிகளில் ஒருவர் அவதார் சிங் பெயிண்டல். நுரையீரலின் ஜே ஏற்பிகளைக் கண்டறிந்தவர். 1960இல் 'ஜர்னல் ஆஃப் பிசியாலஜி' இதழில் அவ்விழைகளின் முனைகளுக்கு 'அழுத்த-வலி ஏற்பிகள்' என்று பெயரிட்டார். மறு ஆண்டு, காலை மடக்கி இழுத்துக்கொள்ளும் அனிச்சையில் அவற்றுக்குப் பங்குண்டு என்றார். அவருடைய பதிவுகளில் எனக்கு ஐயமில்லை. பெயரோடுதான் பிணக்கு.

வலி ஏற்பி என்று சொல்லிவிட்டால், காயம்பட்டால் மட்டும் குரல்கொடுக்கும் காவலாளியாகவே அதைப் பார்ப்போம். ஆனால் 1937இலேயே கெய்ரோவில் ஆலம், ஸ்மிர்க் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டிருந்தார்கள். தசைகளுக்கான இரத்த ஓட்டத்தைப் பட்டை கட்டி நிறுத்தி, அந்தத் தசைகளையே வேலைசெய்ய வைத்தார்கள். வேலை நின்ற பின்னும் பட்டை இருந்தவரை அழுத்தம் இறங்கவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் இறங்கியது. மூளையின் ஏவல்தான் காரணம் என்ற கிரோக், லிண்ட்ஹார்டின் 1913ஆம் ஆண்டு விளக்கம் இங்கே பொருந்தாது. வேலை நின்றதுமே ஏவலும் நின்றுவிட்டதே!

நான் திரும்பத் திரும்பப் படிப்பது அவர்களின் 1938ஆம் ஆண்டுக் குறிப்பை. தண்டுவடச் சேதத்தால் இந்த அனிச்சை ஒரு பக்கம் மட்டும் அற்றுப்போனதை அது சொல்கிறது. ஒரே ஒரு நோயாளியின் சான்று என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் ஒரே உடலில், ஒரே இதயத்தோடு, ஒரு பக்கத்துத் தசை அழுத்தத்தை உயர்த்துகிறது, மறுபக்கம் உயர்த்தவில்லை என்றால், செய்தி நரம்பு வழியாகத்தான் போகிறது. இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

இதே அனிச்சைக்கான சூழலை அன்றாடத்திலும் காணலாம். பெங்களூரு வைட்ஃபீல்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துப் படியேறுபவரைப் பார்க்கிறேன். கேனின் கழுத்தைப் பற்றிய விரல்கள் வெளுத்திருக்கின்றன. இறக்கிவைத்ததும் கையை உதறுகிறார். இறுகிய தசை தன் குழாய்களைத் தானே நெரிக்கிறது. ஆலம் கட்டிய பட்டையின் வேலையை அது செய்கிறது. கேட்டால் 'வலிக்குது' என்று சொல்லமாட்டார், 'கடுக்குது' என்பார். பெயிண்டலின் முனைகளுக்கு அந்தச் சொல்லே பொருத்தம் என்பது என் வாதம். அந்தக் கடுப்பை உணரக்கூட வேண்டியதில்லை. கூட், ஹில்டன், பெரெஸ்-கொன்சாலெஸ் (1971), மெக்ளாஸ்கி, மிட்செல் (1972) ஆகியோரின் சோதனைப் பூனைகள் மயக்கத்திலோ பெருமூளைத் தொடர்பு துண்டிக்கப்பட்டோ இருந்ததால் அவற்றுக்கு வலியை உணர வழியில்லை. ஆயினும் தண்டுவட முன்வேரைத் தூண்டித் தசையைச் சுருக்கியபோது அழுத்தம் ஏறியது. பின்வேரை அறுத்ததும் அந்த ஏற்றம் மறைந்தது. 1983இல் காஃப்மன் குழு, சுருக்கம் தொடங்கியவுடனேயே மூன்றாம் வகை இழைகள் பல துடிப்பதையும், இன்னும் மெல்லிய நான்காம் வகை இழைகள் சற்றுத் தாமதித்துச் சேர்வதையும் பதிவுசெய்தது.

நாடித்துடிப்பு விஷயத்தில் என் வாதம் இவ்வளவு உறுதியானதல்ல. 1938இல் ஆலமும் ஸ்மிர்க்கும் கால் தசைகளிலிருந்து நாடியை விரைவுபடுத்தும் அனிச்சையும் உண்டு என்றார்கள். ஆனால் பின்வந்த சோதனைகளில், பட்டையின் கீழ் அழுத்தம் உயர்ந்தே நிற்க, துடிப்பு பெரும்பாலும் ஓய்வுநிலையை நோக்கி இறங்கிவிட்டது. 1993இல் ஓ'லியரி நாய்களில், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியை மருந்தால் நீக்கியபோது துடிப்பு இறங்காமல் நின்றது. அனிச்சை தூண்டிக்கொண்டேதான் இருக்கிறது, வேகஸ் அதை மூடிவிடுகிறது என்று கொள்ளலாம். உழைப்பின் முதல் சில நொடிகளில் துள்ளும் துடிப்பில் மூளைக்கு எவ்வளவு, தசைக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க இந்தச் சான்றுகள் போதா.