முறைப்பெண் உரிமையும் விழித்திரையும்

கொங்கு வேளாளரிடம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது குலத்துக்குள், பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. காடை, ஆந்தை, பயிரன் என எந்தக் கூட்டமானாலும் அதில் பிறந்தவர்கள் பங்காளிகள். தாய்மாமன் மகளும் அத்தை மகளும் வேறு கூட்டம். அங்கே தடை இல்லை, உரிமையே உண்டு. கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் உடன்பிறந்தவளையும் வைத்துச் செய்யும் இணைச்சீர், பிற்காலத்தில் அவர்களின் பிள்ளைகளுக்குள் பெண் கேட்கும் உரிமைக்கு அடையாளம் என்பார்கள். காடு தோட்டம் கைமாறாமல் இருக்கவும் இந்த வழக்கம் உதவியது.

கூட்டம் தந்தைவழியில் மட்டுமே வருகிறது. மரபணு இருவழியிலும் வருகிறது. மாமன் மகளைக் கட்டியவரின் குழந்தையிடம், ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் பிரதியாகவே இருக்க 16-இல் 1 வாய்ப்பு. தமிழகத்தின் பல சாதிகளில் உள்ள அக்காள் மகள் திருமணத்தில் அது 8-இல் 1. ஒரு பிரதி மட்டும் பழுதானால் பெரும்பாலும் வெளியே தெரியாது. இரண்டும் பழுதாகும்போது தெரியும். பரம்பரை விழித்திரை நோய்கள் பலவும் இவ்வகையே.

ஒரு மரபணு பழுதானால் விழித்திரை ஏன் கெடுகிறது என்பதை அது உருவாகும் விதம் காட்டும். கருவில் விழித்திரையின் நரம்புச் செல்கள் எல்லாம் ஒரே வகை மூலச் செல்களிலிருந்து பிரிகின்றன. எல்லாச் செல்லிலும் மரபணுக்கள் ஒன்றே. எது எப்போது இயங்குகிறது என்பதுதான் செல்லின் வகையைத் தீர்மானிக்கிறது. பாக்ஸ்6 என்னும் மரபணு கண் உருவாகும் தொடக்கத்திலேயே இயங்குகிறது. பின்னர் சிஆர்எக்ஸ், ஒளி உணரும் செல்களுக்குரிய மரபணுக்களை இயக்குகிறது. அந்தச் செல்லில் என்ஆர்எல்லும் இயங்கினால் அது மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்லாகிறது. என்ஆர்எல் தூண்டும் என்ஆர்2இ3, கூம்புச் செல்லுக்குரிய மரபணுக்களை அடக்குகிறது. 2001-இல் என்ஆர்எல் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் விழித்திரையில் கோல் செல்களே உருவாகவில்லை. அவ்விடத்தில் குறுகிய அலைநீள ஒளியை உணரும் கூம்புச் செல்கள் நிறைந்திருந்தன. மனிதரில் என்ஆர்2இ3-இன் இரு பிரதிகளும் பழுதானால் இதேபோல நடக்கிறது. சிறுவயதிலேயே மாலைக்கண் வருகிறது.

கொங்குப் பகுதியான கோவை வட்டாரத்தில் கண் மருத்துவம் நெடுங்காலம் கண்புரையோடுதான் போராடியது. 1977-இல் கோவையில் சங்கரா கண் மருத்துவ அமைப்பு தொடங்கியது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997-இல் இங்கும் ஒரு கிளையைத் திறந்தது. கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் பிறவி விழித்திரை நோய்க்கு முதல் கேள்வியே குடும்பம் பற்றியது. மருத்துவர் வரையும் வம்சப் படத்தில் சொந்தத்தில் கட்டியவர்களை இரட்டைக் கோட்டால் இணைப்பார்கள்.

பிறவியிலேயே பார்வையைப் பறிக்கும் லீபர் நோயைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், வட அமெரிக்காவில் அடிக்கடி காணும் மரபணு மாற்றங்கள் தென்னிந்தியரிடம் அரிது என்று தெரிந்தது. அங்குள்ள பட்டியலை வைத்து இங்குள்ள குழந்தையைச் சோதித்தால் காரணம் தப்பிவிடும். 2017-இல் அமெரிக்கா அனுமதித்த மரபணு சிகிச்சை ஆர்பிஇ65 மரபணு பழுதானவர்களுக்கு மட்டுமே. ஆகவே எந்த மரபணு என்று கண்டறிவதே சிகிச்சைக்கு முதல் படி.