முடிச்சில்லாச் செடி கற்பித்த பாடம்: சித்தூர்ச் சீமையின் நிலக்கடலையும் தழைச்சத்தும்

புத்தூர் வட்டாரச் செம்மண் நிலங்களில் மானாவாரியாக விளையும் நிலக்கடலையின் வரலாற்றை இன்றைய மாநில எல்லைக்குள் நின்று எழுத இயலாது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை புத்தூரும் குடியாத்தமும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவையே. ‘குடியாத்தம் கொத்து’ என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து திண்டிவனம் ஆய்வு நிலையத்தார் தெரிவு செய்து 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, 1953இல் ஆந்திரம் பிரிந்த பின்னரும் ராயலசீமை முழுவதும் பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

அக்காலத் தெரிவில் அளவுகோலாக நின்றவை காய் விளைச்சல், உடைப்புத் திறன், எண்ணெய் அளவு, பயிர்க்காலம் ஆகியவை. வேர் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு அளிக்கின்றன என்பதை ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களிலேயே நிறுவியிருந்தனர். எனினும் அவ்வறிவு நுண்ணுயிரியலாரின் துறையாக ஒதுங்கிற்று. விதை, பயிர்ப்பெருக்க அறிஞரின் துறையாயிற்று. நிலக்கடலை அறுவடையின்போது வேரோடு பிடுங்கப்படுவதே. ஆயினும் அதற்குள் முடிச்சுகள் முதிர்ந்து சிதையத் தொடங்கிவிடும். காய்க்காகப் பிடுங்கியவர் கண்ணில் அவை படாமற்போனதில் வியப்பில்லை.

இவ்விரு துறைகளையும் இணைத்தது ஒரு குறையுள்ள செடி. 1970களின் இறுதியில், ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் இயங்கும் இக்ரிசாட் நிறுவனத்தின் கலப்பினப் பாத்திகளில் சில செடிகள் வெளிறி மஞ்சளாக நின்றன. பிடுங்கிப் பார்த்தபோது வேரில் முடிச்சுகளே இல்லை. அதே காலத்தில் ஃபுளோரிடாவிலும் இத்தகைய செடி கண்டறியப்பட்டது. இரண்டாம் தலைமுறையில் முடிச்சுள்ளவையும் அற்றவையும் 15:1 என்னும் விகிதத்தில் பிரிந்தன. இரு மரபணுக்களும் ஒடுங்குநிலையில் சேரும்போதே முடிச்சு தோன்றாது என்பது இதன் பொருள். மண்ணின் கொடையெனக் கருதப்பட்ட முடிச்சு, செடியின் மரபுப் பண்பும் ஆயிற்று. மேலும், முடிச்சில்லாச் செடியை அருகில் வளர்த்து ஒப்பிட்டால், மற்றச் செடி காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனை மதிப்பிடலாம்.

அடுத்த படி இன்னும் நுட்பமானது. வட கரோலினாவிலிருந்து பெறப்பட்ட என்.சி. 92 என்னும் ரைசோபிய வகையை விதையோடு இட்டபோது, ரோபட் 33-1 என்னும் ரகத்தின் விளைச்சல் பல சோதனைகளில் உயர்ந்தது. பிற ரகங்களில் அப்பயன் சீராகக் கிட்டவில்லை. இந்த ரோபட் 33-1தான் 1978இல் கதிரி 3 என்னும் பெயரில் ஆந்திர உழவர்க்கு வெளியிடப்பட்டது. நல்ல நுண்ணுயிர் மட்டும் போதாது, அதை ஏற்கும் செடியும் வேண்டும் என்பதை இச்சோதனைகள் காட்டின. மண்ணில் முன்பே குடியிருக்கும் ரைசோபியங்களோடு புதியது போட்டியிட்டு வென்றாக வேண்டும் என்பது மற்றொரு சிக்கல்.

இவ்வறிவு வயலை எளிதில் அடையாததற்குக் காரணங்கள் உண்டு. முடிச்சுக்கு உணவாவது செடியின் மாவுப்பொருளே. வறட்சியில் இலை வாடினால் முடிச்சும் ஓயும். மணிச்சத்துக் குறைந்த மண்ணில் மரபுத் திறன் மட்டும் உதவாது. நிலக்கடலை விதை மிகுதியாகத் தேவைப்பட்டு மெதுவாகவே பெருகுவதால், புதிய ரகம் பரவுவதற்குள் பழைய விதையே மீண்டும் நிலத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இவற்றினும் பெரிய முரண் அறுவடையில் உள்ளது. செடி வேரோடு பிடுங்கப்பட்டு, காய் சந்தைக்கும் கொடி மாட்டுத் தொழுவத்துக்கும் போகிறது. செடி சேர்த்த நைட்ரஜனின் பெரும்பகுதி அவற்றோடு வயலைவிட்டு வெளியேறுகிறது. தொழுவுரமாக அது திரும்பிய காலத்தில் கணக்கு ஓரளவு நேரானது. மாடு குறைந்த ஊரில், எவ்வளவு திறமையான வேரும் மண்ணை வளமாக்கும் என்று கொள்வதற்கில்லை. ஆகவே, ரகங்களின் வரலாற்றை எழுதுவோர் விளைச்சல் பட்டியலோடு நில்லாது, கொடி எங்கே சென்றது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.