ஏர்வாடியின் சங்கிலிகள்



மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், கல்லறைகளின் நடுவே வாழ்ந்த ஒரு மனிதனைச் சந்திக்கிறோம். அவனுக்கென்று ஊரார் கண்ட ஒரே வழி சங்கிலி. அது பழங்காலத்துக் கதை என்று எண்ணிவிடாதிருங்கள்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலம். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர் அல்லர்; பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அங்குள்ள தர்காவில் குணம் கிடைக்கும் என்று நம்பி எல்லா மதத்தவரும் சென்றார்கள். அந்நாளில் தமிழகம் முழுமைக்கும் இருந்த அரசு மனநல மருத்துவமனை சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒன்றே; அது ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால். அருகில் மருத்துவம் இல்லாத இடத்தில் ஏழைக் குடும்பத்திற்கு எஞ்சியது நம்பிக்கையும் சங்கிலியும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனநலக் காப்பகங்கள் உரிமம் பெறவேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் கண்ணும் கையும் இல்லை. தீவிபத்துக்குப் பின்னரே அக்காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை ஏற்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், எவரையும் எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டலாகாது என்று தடுத்தது. அரசு செலவில் மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. 2022இல் 14416 என்ற இலவச உதவி எண் தொடங்கப்பட்டது. எனினும் மத்திய அரசின் சுகாதார நிதியில் மனநலத்துக்குக் கிடைப்பது இன்றும் ஏறத்தாழ 1 விழுக்காடே.

சுவிசேஷத்துக்குத் திரும்புவோம். கட்டுண்டிருந்தவனிடம் இயேசு பெயரைக் கேட்டார். அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். ஊராரோ மகிழவில்லை, தங்கள் எல்லையை விட்டுப் போகும்படி ஆண்டவரை வேண்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் மாண்டிருந்தன. ஒரு மனிதனின் மீட்சியைவிட அந்த நஷ்டமே அவர்கள் கணக்கில் பெரிதாக நின்றது. வரவுசெலவுத் திட்டம் எழுதும்போதெல்லாம் ஒரு தேசம் இதே கணக்கைத்தான் போடுகிறது.

பிரியமானவர்களே, பிறரைக் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. குலசேகரத்தைச் சுற்றியுள்ள நம் வீடுகளிலும் பூட்டிய பின்னறைகள் இருக்கலாம். "பிசாசின் கட்டு", "விசுவாசக் குறைவு" என்று நாம் சொன்ன சொற்களும் சங்கிலிகளே. நம் முன்னோர் அப்படிச் செய்யவில்லை. 1838இல் நெய்யூரில் மருத்துவ ஊழியம் தொடங்கியபோது, ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர்கள் கருதவில்லை. சாகும்படி வேண்டிய எலியாவுக்கும் தேவதூதன் கண்டனம் கொண்டுவரவில்லை. அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்து, அவனை உறங்கவிட்டான்.

ஆகவே இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். துயருறும் ஒருவரைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். மருந்து உட்கொள்பவரை அதை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதிருங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையையும் குடிநீரையும் கேட்பதுபோல, நம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் இருப்பார், மருந்து தடையின்றிக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்காத ஜனங்களுக்கு எந்த அரசும் முன்னுரிமை தராது.

குணமடைந்தவன் படவில் ஏறிவர விரும்பினான். ஆண்டவரோ அவனை அவன் இனத்தாரிடத்தில், அவன் வீட்டுக்கே அனுப்பினார். அப்படித் திரும்பி வருகிறவனை ஏற்றுக்கொள்ளும் வீடாக நம் வீடும், நம் சபையும் இருப்பதாக.

கர்த்தர் தாமே உங்களைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.