அம்பலம் ஏறாத சொல்

“ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்று நம்மவர் அடிக்கடி சொல்வதுண்டு. கண்டி வட்டாரத்து ஊர்களில் நடந்து பழகியவர்களுக்கு இப்பழமொழி தனியாக ஒரு பொருள் தரும். அங்கே சாலையோரங்களிலும் வயலோரங்களிலும் வழிப்போக்கர் தங்கிச் செல்லக் கட்டப்பட்ட பழைய மண்டபங்கள் சில இன்னும் நிற்கின்றன. சிங்கள மக்கள் அவற்றை ‘அம்பலம’ என்கின்றனர். எம்பெக்கேயில் கற்றூண்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அத்தகைய மண்டபத்திலோ மரநிழலிலோதான் கண்டி அரசர் காலத்தில் ‘கம்சபா’ எனும் ஊர்ச்சபை கூடியது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின் அங்கே ரெசிடெண்டாக இருந்த ஜோன் டொயிலி இச்சபையைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஊரின் முதன்மையானவர்களும் அனுபவசாலிகளும் ஒன்றுகூடி வழக்குகளைச் சமரசமாகத் தீர்த்தார்கள் என்பது அதன் சாரம்.

இன்று ஒரு மலையில் அணை கட்டவோ காட்டை அழிக்கவோ பெருஞ்சாலை போடவோ முன்வந்தால், முதலில் மக்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை அந்த அம்பலத்தின் மறுபிறப்பென்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். நாமும் மெச்சத் தயார். ஆனால் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது: கேட்கப்படும் மக்கள் யார்? கண்டி மலைநாட்டின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியோடு புரட்டிப் பார்ப்பது பயனுடையது.

பழங்காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது நமது நோக்கமன்று. ஊர்ச்சபையில் பேசியவர்கள் ஊரின் முதன்மையானவர்களே என்பதை டொயிலியின் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. கண்டி நகரின் நடுவே மாணவர்கள் மாலை நேரத்தில் உலாவும் அந்த ஏரியைப் பாருங்கள். கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1812இல் முடித்த ஏரி அது. வயலாக இருந்த நிலம். வேலை செய்தது இராஜகாரியமெனும் கட்டாய உழைப்பு. மறுத்துப் பேசிய தலைவர்கள் ஏரிப் படுகையிலேயே கழுவேற்றப்பட்டனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நகர அபிவிருத்திக்கு எதிராக ஆட்சேபம் தெரிவித்தவர்க்கு அக்காலத்தில் கிடைத்த மறுமொழி அது. அழகிய ஏரிதான், மறுப்பதற்கில்லை.

வெள்ளைக்காரன் வந்தான்; கழுமரம் போயிற்று. அதன் இடத்தில் காகிதம் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குரியவை என்று அனுமானித்துக்கொண்டது. தனதென்று சொல்பவன் அதனை நிரூபிக்க வேண்டும். சேனைப்பயிர் செய்து, ஆண்டுகள் பல விட்டு மீண்டும் அதே காட்டுக்குத் திரும்பும் குடியானவனிடம் பத்திரம் ஏது? பாட்டன் உழுதான் என்பது சாட்சியாகாது. முத்திரையிட்ட ஓலை வேண்டும். இவ்வாறு ‘யாருக்கும் உரியதல்லாத’ மலைகள் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் துரைமார்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் இருந்தனர். விற்பவனும் வாங்குபவனும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தபோது அம்பலத்துக்கு என்ன வேலை?

சொல் அம்பலம் ஏறவில்லையென்றால் அது தெருவுக்கு வரும். 1848இல் வந்தது. அவ்வாண்டு தேசாதிபதி டொரிங்டன் நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று அடுக்கியதோடு, வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும் என்றும் சட்டம் கொண்டுவந்தார். தெரு யாருக்கு? கோப்பி மூட்டை இறங்குவதற்கு. ஜூலை மாதம் கண்டிக் கச்சேரிக்கு முன்னால் கிராமவாசிகள் பெருந்திரளாகக் கூடினார்கள். கேட்பதற்கும் சொல்வதற்குமே அவர்கள் வந்தார்கள். அம்மாத முடிவுக்குள் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். பிக்கு ஒருவர் காவியுடையோடே சுடப்பட்டார். லண்டன் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். விசாரிக்கப்பட்டது தேசாதிபதி நடந்துகொண்ட விதம். மலைகளை விற்றது விசாரிக்கப்படவில்லை.

மலைகள் மொட்டையாகின. மண் கரைந்து மகாவலியில் இறங்கியது. ஆற்றுநீர் கலங்கக் கண்டவன் முதலில் கிராமத்து உழவனே. வயலில் மணல் படிந்தது அவனுக்குத்தானே தெரியும்! ஆயினும் கட்டுப்பாடு வந்தது அவன் சொல்லியல்ல. கியூ தாவரவியல் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு எடுத்துரைத்ததன் பேரில், 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்காணிகளை விற்பது நிறுத்தப்பட்டது. இந்நாட்டின் ஆரம்பகாலச் சுற்றாடல் விதிகளுள் இது முக்கியமானது. நல்ல விதிதான். லண்டனுக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் இடையே கடிதங்களில் உருவான விதி. 1885இல் வந்த காட்டுக் கட்டளைச் சட்டமும் அவ்வழியே வந்தது. அதுவரை காட்டில் விறகும் தேனும் எடுத்தவன் அதன்பின் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியானான். காட்டை அழித்தவனுக்கு உறுதிப்பத்திரம் இருந்தது.

இதற்கிடையில் ஊர்ச்சபைக்கு உயிர்கொடுக்கும் முயற்சியும் நடந்தது. 1865இல் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் கிடைத்தன. ஆனால் வாக்குச் சொத்துள்ளவனுக்கே. 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் வந்து, கிராமத்தார் கூடித் தம் நீர், வேலி, மேய்ச்சல், பாதை பற்றி விதி செய்துகொள்ள இடம் வைத்தது. நாளடைவில் இது கிராமச் சங்கமாக வளர்ந்தது.

அப்போது கண்டி மலைகளில் இன்னொரு மக்கள் கூட்டம் நிலைகொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் செத்தவர் போக மீந்தவர்கள். 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டான் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. மண்வெட்டி பிடித்த கை யாருடையதென்று எழுதுவதில்லை. கோப்பி நோயில் அழிந்து தேயிலை மலையை மூடியபோது, இம்மக்கள் பருவத்துக்கு வந்துபோவதை விட்டு லயங்களிலேயே பிறந்து லயங்களிலேயே மடியலாயினர். கிராமத்தின் ஓடை தோட்டத்தில் பிறக்கிறது. தோட்டத்துப் பாதை கிராமத்தில் முடிகிறது. மழை பெய்தால் இரண்டும் ஒன்றாக நனைகின்றன. எனினும் சட்டத்தின் முன் கிராமம் ஓர் ஊர்; தோட்டம் துரையின் சொத்து.

1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வஜன வாக்குரிமை தந்தபின் இந்தக் கோடு கிராமச் சங்கத்தில் பகிரங்கமாயிற்று. உள்ளூராட்சி அமைச்சர் பண்டாரநாயக்கா 1937இல் கொண்டுவந்த திருத்தம், தோட்டங்களில் வாழும் இந்தியத் தொழிலாளருக்குக் கிராமச் சங்கத்தில் வாக்கில்லை என்றது. இந்தியாவிலிருந்து கண்டனம் எழுந்தது. மறுமொழியாகச் சட்டத்தின் சொல் மாற்றப்பட்டது: எந்த இனத்தவராயினும் தோட்டத்தில் வாழும் தொழிலாளர்க்கு வாக்கில்லை! சமத்துவம் இவ்வாறும் நிலைநாட்டப்படலாம் என்பதை 1938ஆம் ஆண்டுச் சட்டம் உலகுக்குக் காட்டியது.

லயத்துக்குள் வெளியார் நுழைவதே அத்துமீறல் என்றிருந்த காலம் அது. மடுல்கல்லைப் பகுதியில் தோட்ட வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் எனும் ஆங்கில இளைஞர் 1937இல் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். தேசாதிபதி அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அவ்வாணை செல்லாதென்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஒரு வெள்ளையரின் சொல் அம்பலம் ஏறியதற்கே இத்தனை அமளி.

பின்னர் நடந்தது வாசகர் அறிந்ததே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் தோட்டத் தமிழரின் பெரும்பகுதியை நாடற்றவராக்கி வாக்கைப் பறித்தன. கண்டியக் குடியானவர் ஆணைக்குழு 1949இல் நியமிக்கப்பட்டு 1951இல் அறிக்கை தந்தது. மத்திய, ஊவா மாகாணங்களின் கிராமத்தாரது நிலையை அது விசாரித்தது. அவர்களின் நிலப்பசி பொய்யன்று. 1840இன் களவுக்கு அவர்களே முதற்சாட்சிகள். ஆனால் பக்கத்து மலையில் கொழுந்து பறித்தவன் அவ்விசாரணையின் பொருளல்லன். ஒரே களவில் நிலமிழந்தவனையும், அந்நிலத்தில் உழைத்து ஒரு முழமும் சொந்தமாகப் பெறாதவனையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இந்நாட்டின் சரித்திரம் வேறு திசையில் போயிருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றுகிறது.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் டில்லியில் ஒப்பமிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கணக்குச் சரி. கேட்கப்பட்டவர் ஒருவருமில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. இடதுசாரிகள் அதனை வரவேற்றோம், வரவேற்றது பிழையுமன்று. ஆனால் கண்டி மாவட்டத்தில் பல தோட்டங்கள் கைமாறியபோது தமிழ்த் தொழிலாளர் வேலையும் லயமும் இழந்து வீதிக்கு வந்தார்கள். கம்பளையிலும் கண்டியிலும் கையேந்தி நின்றவர்களும், வவுனியாவுக்கு நடந்தவர்களும் அவர்களே. நிலத்தைத் திட்டமிட்டவர்கள் அந்நிலத்தில் ஆட்கள் இருப்பதை மறந்தனர் என்று சொன்னால் அது மரியாதைக்காகச் சொல்வதாகும். 1977 மே மாதத்தில் நுவரெலியா, மஸ்கெலியாப் பகுதிகளில் ஏழாயிரம் ஏக்கரைப் பகிர்ந்துகொடுக்கும் திட்டத்தைத் தொழிலாளர் தடுத்து நின்றனர். டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் மாண்டான். அந்தத் திட்டம் நின்றது. ஒரு நிலத்திட்டத்தின் மீது மலையகத் தமிழர் தெரிவித்த கருத்து ஏற்கப்பட்டது அவ்விதம்.

அதன்பின் மகாவலி. விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. 122 மீட்டர் உயர அணை 1985இல் திறந்துவைக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் தண்ணீர் ஏறியது. அக்காலத்தில் மக்கள் கருத்தைக் கேட்கும் கட்டாயம் சட்டத்தில் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோதுதான் அது வந்தது. அதன்படி, பெருந்திட்டம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றி வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் அறிவிக்க வேண்டும். முப்பது நாளுக்குள் எவரும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். எவரும்! நூற்றைம்பது ஆண்டுகளில் முதன்முறையாகச் சட்டம் அப்படியொரு சொல்லை உச்சரித்தது. அதனை நாம் குறைத்து மதிக்கவில்லை. 2000இல் எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் அவ்வூர்வாசிகள் சிலர் உயர் நீதிமன்றம் சென்று, ஓர் அந்நியக் கம்பனியோடு அரசு செய்யவிருந்த ஒப்பந்தத்தை மறித்தார்கள்.

மலைநாட்டில் சோதனை மேல் கொத்மலையில் வந்தது. அத்திட்டத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டுக்குப்பின் அனுமதி கிடைத்தது. தலவாக்கலை மக்களும் மலையகக் கட்சிகளும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்தன. சென் கிளயர் நீர்வீழ்ச்சி வற்றிப்போகுமே என்ற கவலை தலைநகர் வரை எட்டியது. எங்கள் லயம் எங்கே போகும் என்ற கவலை அத்தனை தூரம் எட்டவில்லை. 150 மெகாவாட் மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது.

இவ்வகை அறிக்கை ஒன்றைப் பார்க்க நாம் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்குப் போனோம். எழுதுவினைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அலுமாரியின் மேலிருந்து கனத்த தொகுதியை இறக்கித் தூசி தட்டித் தந்தார். ஆங்கிலத்தில் நானூறு பக்கத்துக்கு மேல். தமிழ்ச் சுருக்கம் ஒன்றும் இருந்தது, மெலிந்த கொப்பி. அலுவலகம் மாலை நாலேகாலுக்குப் பூட்டப்படும். கொழுந்து நிறுத்து, மலையிறங்கி, பஸ் பிடித்து ஒருவர் அங்கே வந்துசேர எத்தனை மணியாகும் என்று நாம் கணக்குப் பார்த்தோம். நாட்சம்பளத்தை விட்டால் வரலாம்.

உள்ளூர்த் திட்டமிடலிலும் இதே நிலைதான் நெடுங்காலம் நீடித்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ்த் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவிட இருந்த தடை 2018இல்தான் திருத்தத்தால் நீங்கியது. தோட்டத்தார் சபைக்கு வாக்களித்தார்கள். சபையின் தார்ச்சாலை தோட்ட எல்லையில் நின்றுகொண்டது. 2014 அக்டோபர் 29இல் ஊவாவின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையைக் கேட்டவன் எங்கே போவான்? பக்கத்து மேடும் தோட்டத்துடையது. 2025 நவம்பர் முடிவில் டித்வாப் புயலோடு வந்த மழையில் கண்டி உள்ளிட்ட மலை மாவட்டங்களின் சரிவுகள் இடிந்தபோதும் கிராமத்து வீடும் லயமும் ஒன்றாகவே புதைந்தன. எந்தச் சரிவில் குடியிருக்கலாம், எவரை எங்கே குடியேற்றுவது என்ற ஆலோசனைகளுக்கு மீண்டும் வேளை வந்திருக்கிறது.

ஆட்சேபக் கடிதம் எழுதுகிறவர் தமது பெயரையும் விலாசத்தையும் குறிப்பிட வேண்டும். பல தோட்டங்களில் லயத்து அறைக்குத் தனி விலாசம் கிடையாது; தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் எல்லாருக்கும் பொது. ஒரே பெயரில் நாலு லெட்சுமிகள் இருப்பார்கள். வரும் தபால் தோட்டத்து அலுவலகத்தில் கட்டாகக் கிடந்து, யாரேனும் அப்பக்கம் போகும்போது கொடுத்தனுப்பப்படும். விசாரணை இன்ன தேதியில் என்று மறுமொழி வந்தாலும், அது அந்தக் கட்டுக்குள்தான் இருக்கும்.